ஏழாவது அடிக்குறிப்பு

கிரிப்டோ பற்றி எழுத வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் எதையாவது விற்க வருகிறவர்கள். மீதி இரண்டு பேர் ஏமாந்தவர்கள். எல்லோரும் சேர்ந்து எழுதும் ஓர் இணையக் கலைக்களஞ்சியத்தில் பதினோரு வருடமாக நிர்வாகியாக இருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

பகலில் நான் மரக்காணத்தில் ஓர் உப்பு வியாபாரியின் அலுவலகத்தில் எழுத்தர். பெயர் ஆண்ட்ரூஸ். லாரியில் ஏற்றும் முன்னால் உப்பு அம்பாரத்தில் மேலே, நடுவே, அடியே என்று மூன்று இடத்தில் அள்ளிப் பார்த்து ஈரம் குறிப்பது என் வேலை. களஞ்சியத்தில் என் பெயர் ‘அளத்தான்’. சக எழுத்தாளர்கள் முதுகுக்குப் பின்னால் ‘கத்தரி’ என்பார்கள். அது எனக்குப் பிடிக்கும், மறைப்பானேன்.

வலம்புரி என்ற கிரிப்டோ வர்த்தகத் தளம் ஓஹோவென்று ஓடிக்கொண்டிருந்தபோது, அதைப் பற்றிய கட்டுரையில் தினம் ஒருவர் வந்து ‘இந்தியாவின் முதலிடத் தளம்’ என்று சேர்ப்பார். ஆதாரமாக வலம்புரியின் சொந்த வலைத்தளத்தையே கொடுப்பார். நான் அழிப்பேன். அடுத்த வாரம் செய்தித்தாள் இணைப்போடு வருவார். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ‘இது விளம்பரதாரர் வழங்கும் பகுதி’ என்றிருக்கும். அதையும் அழிப்பேன். பிறகு யூடியூப் காணொளி. அதற்கு நான் பதில்கூட எழுதியதில்லை. போட்டவர்கள் பணத்தோடு தளம் இழுத்து மூடப்பட்டதும் கூட்டம் மாறியது. இப்போது வந்தவர்கள் தங்களைச் சேர்த்துவிட்டது இன்னார் என்று பக்கத்து வீட்டுக்காரன் பெயரை எழுதினார்கள். அவர்கள் அழுதுகொண்டே எழுதியது படிக்கும்போதே தெரியும். ஆனாலும் அழித்தேன். உயிரோடு இருக்கும் மனிதரின் பெயர் என்றால் பத்திரிகையில் வந்த, சம்பந்தப்பட்டவர் யாரோடும் தொடர்பில்லாத ஓர் ஆதாரம் வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மணி நேரம்கூட அந்த வரி நிற்கக்கூடாது. இந்த விதியை எழுதிய மூன்று பேரில் நானும் ஒருவன்.

போன மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்கு ஒரு பெண் வந்தாள். கூனிமேட்டில் இ-சேவை மையம் நடத்துகிறவள். பெயர் ஹம்னா என்று வைத்துக்கொள்வோம். இதில் வரும் யார் பெயரும் அவரவர் பெயர் அல்ல. முந்தின வருடம் மரக்காணம் நூலகத்தில் ‘ஆதாரம் பார்ப்பது எப்படி’ என்று நான் நடத்திய வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவள் அவள். கையில் ஒரு பிரிண்ட் அவுட் வைத்திருந்தாள்.

“சார், நீங்கதானே அளத்தான்?”

“ஆமாம்மா. என்ன விஷயம்?”

“இந்த வரிய எடுக்கணும் சார். எங்க அண்ணன் நிஷாத் பேரு இருக்குது.”

படித்தேன். ‘மரக்காணம், கூனிமேடு பகுதிகளில் வலம்புரியின் முகவராகக் கூனிமேடு அப்துல் லத்தீபின் மகன் நிஷாத் செயல்பட்டார்.’ பக்கத்தில் ஏழு என்று அடிக்குறிப்பு எண் இருந்தது. ஏழாவது அடிக்குறிப்பு ஒரு நாளிதழின் இணையப் பதிப்பு. விளம்பரம் இல்லை, நிருபர் பெயரோடு வந்த செய்தி.

“அண்ணனுக்கு ஷார்ஜாவுல ஒரு மணி எக்ஸ்சேஞ்ச் கம்பெனில கேஷியர் வேலை சார். இன்டர்வியூ எல்லாம் முடிஞ்சிடுச்சு. ஜாயின் பண்றதுக்கு முன்னாடி பேர நெட்ல தேடுறாங்க. மொதல்லயே இதுதான் வருது. வர்ற வியாழக்கிழமைக்குள்ள விளக்கம் குடுக்கணும்னு மெயில் போட்டிருக்காங்க. இல்லைனா வேற ஆளப் போட்டுடுவாங்க. பண்ணவே இல்லாத வேலைக்கு என்னா விளக்கம் சார் குடுக்குறது?”

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்த்து ஒரு வரியை எடுத்தால் நாளைக்கு ஊரே வரிசையில் நிற்கும்.

“ஆதாரம் இருக்குதேம்மா. பேப்பர்ல வந்திருக்கு. அந்தப் பேப்பர்ல மறுப்பு வாங்கிட்டு வா. உடனே எடுத்துடறேன்.”

“கேட்டேன் சார். நிருபர்கிட்டயே போன்ல பேசினேன். அவரு எங்கேர்ந்து எடுத்தார்னு சொன்னார் தெரியுமா?”

“எங்கேர்ந்து?”

“ஒங்க களஞ்சியத்துலேர்ந்து.”

நான் சிரித்தேன். எங்கள் கட்டுரைகளில் ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு, செய்தவர் பெயரோடு பதிவாகும். அந்தப் பெண்ணுக்குக் காட்டிவிடலாம் என்று அங்கேயே வரலாற்றுப் பக்கத்தைத் திறந்தேன். செய்தி வந்தது முந்தின வருடம் மார்ச் பத்தொன்பது. எங்கள் கட்டுரையில் அந்த வரி ஏறியது அதே மார்ச் மூன்று. யாரோ ஒரு பெயரில்லாதவர் ஆதாரம் இல்லாமல் எழுதிவிட்டுப் போயிருந்தார். நிருபர் அதைப் பார்த்து எழுதியிருக்கிறார். மார்ச் இருபத்தைந்தில் அந்தச் செய்தியையே அந்த வரிக்கு ஆதாரமாக ஒருவர் சேர்த்திருந்தார். நாங்கள் எழுதியதற்கு நாங்களே சாட்சி.

ஏழாவது அடிக்குறிப்பைச் சேர்த்தவர் பெயர் அளத்தான்.

ஹம்னா திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் அவசரமாக அந்த வரியை அழித்தேன்.

அடுத்த இருபது நிமிடத்தில் அந்த வரி திரும்பி வந்துவிட்டது. வைத்தவன் வேல்முருகன். புதுச்சேரியில் இருக்கிறான், அவனும் நிர்வாகி, என்னிடம் வேலை பழகியவன். ‘ஆதாரமுள்ள தகவல். நீக்கக் காரணம் தேவை’ என்று குறிப்பு போட்டிருந்தான். அது நானே நூறு பேருக்கு எழுதிய வாசகம்.

கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் சுற்றி வந்த ஆதாரத்தை விளக்கி எழுதினேன். தேதிகளைக் கொடுத்தேன். அவன் ஒத்துக்கொண்டான். ஆனால் விடவில்லை. ‘மார்ச் மூன்றிலிருந்து இருபத்தைந்து வரை அந்த வரி ‘ஆதாரம் தேவை’ என்ற குறியோடு இருபத்திரண்டு நாள் நின்றிருக்கிறது. குறி போட்டதும் நீங்கள்தான். மற்றவர்கள் பெயரையெல்லாம் ஒரு மணி நேரத்தில் அழித்தவர், இதை மட்டும் ஏன் வைத்தீர்கள்? தனிப்பட்ட தொடர்பு ஏதாவது உண்டா?’

அவன் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். அவன்மேல் கோபம் கோபமாக வந்தது.

“என்ன சார் கேக்குறாரு?” என்றாள் ஹம்னா.

சொல்லித்தான் ஆகவேண்டும். “தளம் ஓடிட்டிருந்தப்ப ஒருநாள் ஒங்க ஊர் ஸ்டாப்பிங்ல பஸ்ஸுக்கு நின்னுட்டிருந்தேன். வலம்புரின்னு போட்ட நீல டி-ஷர்ட்டோட ஒரு பையன். சுத்தி நாலு பேரு. கையில போன வெச்சு என்னமோ காட்டிட்டிருந்தான். யாருன்னு டீக்கடையில கேட்டேன். லத்தீப் பாய் பையன்னு சொன்னாங்க. அதுக்கப்புறம் இந்த வரியப் பாத்தேன். நம்ம கண்ணால பாத்ததுதானே, நெஜம்தானேன்னு அழிக்காம விட்டுட்டேன். ஆதாரம் தானா வரும்னு நெனச்சேன்.”

“அந்த டி-ஷர்ட்டா?” அவள் குரல் உயர்ந்தது. “கிரிக்கெட் டோர்னமெண்டுக்கு அவங்க ஸ்பான்ஸர் பண்ணாங்க சார். எங்க தெருவுல பதினஞ்சு பேரு போட்டிருந்தாங்க. கிழியிற வரைக்கும் போட்டாங்க. வகுப்புல என்னா சொன்னீங்க? கண்ணால பாத்தேன், காதால கேட்டேன்னு எவன் வந்தாலும் சேக்காதீங்கன்னு சொல்லல? நான் நோட்டுல எழுதி வெச்சிருக்கேன் சார்.”

வெட்கமாக இருந்தது. நாற்பத்தாறு வயதில் அப்படி வெட்கப்பட்டதில்லை. அதையெல்லாம் ஒரு வரி விடாமல் உரையாடல் பக்கத்தில் எழுதினேன். பஸ் ஸ்டாப், டி-ஷர்ட், டீக்கடை எல்லாவற்றையும் எழுதி, ‘என் கண்ணை நம்பி விதியை மீறினேன்’ என்று முடித்தேன். வேல்முருகன் வரியை எடுத்துவிட்டான். என் நிர்வாகிப் பதவி குறித்து மறுபரிசீலனை கோரி ஒரு பக்கமும் தொடங்கினான். நியாயம்தான்.

களஞ்சியத்தில் எடுத்தாயிற்று. ஆனால் தேடினால் வரும் சுருக்கத்தில் அந்த வரி இன்னும் இருந்தது. எங்களைப் பிரதி எடுத்து வைத்திருக்கும் நாலைந்து தளங்களிலும் இருந்தது. அதற்கெல்லாம் நான் எங்கே போவேன்? ஷார்ஜா கம்பெனிக்கு ஒரு கடிதம் கொடுங்கள் என்று ஹம்னா கேட்டாள். சொந்தப் பெயரில், ஆதார் எண்ணோடு எழுதத் தொடங்கினேன்.

“எங்க அண்ணன் ஏஜெண்ட் இல்லைன்னு எழுதுங்க சார்.”

“அத எழுத முடியாதும்மா. நான் எழுதினதுக்கு ஆதாரம் கெடையாதுன்னுதான் எழுத முடியும். இல்லைங்கறதுக்கு என்கிட்ட என்ன இருக்கு?”

அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். “ஆமான்னு போட டி-ஷர்ட் போதும். இல்லைன்னு போட மட்டும் ஒங்களுக்கு ஆதாரம் வேணுமா?”

ஆனாலும் கடிதத்தை நான் சொன்னபடிதான், டி-ஷர்ட் பார்த்த கதையையும் சேர்த்து, எழுதினேன். வாங்கிக்கொண்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போனாள்.

புதன்கிழமை கம்பெனியிலிருந்து பதில் வந்தது. கடிதம் போதாது, எழுதியவரோடு வீடியோவில் பேச வேண்டும், விண்ணப்பதாரரும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். வியாழன் பதினொரு மணிக்கு முதலாளியிடம் சொல்லி அலுவலகத்தின் பின்னறையைக் கேட்டு வாங்கினேன்.

நிஷாத் பத்தரைக்கே வந்துவிட்டான். வெள்ளைச் சட்டை, கண்ணாடி, கையில் ஃபைல். “அஸ்ஸலா... வணக்கம் சார்” என்றான். அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. பஸ் ஸ்டாப்பில் நான் பார்த்தவன் இவன் இல்லை. அன்று பார்த்தவனுக்கு இடது புருவத்தைப் பிளந்துகொண்டு ஒரு தழும்பு உண்டு, நன்றாக நினைவிருக்கிறது. அப்போதுதான் பைக்கை நிறுத்திவிட்டு இன்னொரு பையன் வாசலில் வந்து நின்றான். “என் தம்பி சார், உபைத்” என்றான் நிஷாத்.

தழும்பு அங்கே இருந்தது.

பதினொரு மணிக்குத் திரையில் ஒரு பெண் வந்தார். தமிழிலேயே பேசினார். கடிதத்தை ஒவ்வொரு வரியாகக் கேட்டார். உங்களுக்கு இவர்களிடமிருந்து ஏதாவது கிடைத்ததா என்றார். இல்லை என்றேன். பிறகு கேட்டார்:

“டி-ஷர்ட் போட்ட ஒருத்தரைப் பார்த்தேன்னு எழுதியிருக்கீங்க. பக்கத்துல இருக்கிறாரே, இவரையா?”

“இல்லைங்க. இவர நான் இன்னிக்குத்தான் மொதல் தடவையா பாக்குறேன்.”

“அப்போ யாரைப் பார்த்தீங்க?”

வாசலைப் பார்த்துவிட்டேன். பார்த்திருக்கக் கூடாது. உபைத் பைக் சாவியை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டிருந்தான், எங்கள் பேச்சு அவன் காதில் விழவில்லை. ஒரு பெயரைச் சொன்னால் நிஷாத்தின் வேலை அந்த நிமிடமே உறுதி. சொல்லாவிட்டால் சந்தேகம் சந்தேகமாகவே நிற்கும். நிஷாத்துக்கு நான் பட்ட கடன் பெரிது. ஆனால் உபைத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது என்ன? ஒரு டி-ஷர்ட், ஒரு போன், நாலு பேர். நிஷாத்தைப் பற்றி எழுதியபோது இருந்ததைவிட ஓர் இம்மி கூடுதல் இல்லை.

“சொல்ல மாட்டேங்க. சொல்றதுக்கு என்கிட்ட ஆதாரம் இல்ல. போன தடவ இதே மாதிரி ஒரு பேர விட்டுவெச்சுத்தான் இன்னிக்கு ஒங்க முன்னாடி ஒக்காந்திருக்கேன்.”

அவர் கொஞ்ச நேரம் எதையோ தட்டச்சு செய்தார். “சரி சார். ஞாயித்துக்கிழமைக்குள்ள மெயில் வரும்” என்று முடித்துக்கொண்டார்.

வேலை கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை ஹம்னா போன் செய்து அதை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். என்னால்தான் போயிற்று, இரண்டு தடவையும் என்னால்தான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் வியாழக்கிழமை இன்னொன்று நடந்தது. திரை அணைந்ததும் உபைத் பைக்கை எடுக்கப் போனான். நிஷாத் ஃபைலை மூடிவிட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தான்.

“சார், நீங்க வாசலப் பாத்தீங்க. நான் கவனிச்சேன்.”

நான் வயர்களைச் சுருட்டத் தொடங்கினேன்.

“ஷார்ஜா கம்பெனிக்காரங்க ஏற்கெனவே என்கிட்ட கேட்டாங்க, ஒங்க வீட்ல வேற யாராவது ஏஜெண்டா இருந்தாங்களான்னு. எனக்குத் தெரியாதுன்னு சொன்னேன். நெஜமாவே தெரியாது சார். நான் அவன்கிட்ட கேட்டதே இல்ல.”

“ஏம்பா, ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?”

“கேட்டா சொல்லிடுவான் சார்” என்றான் நிஷாத்.