ஏழாம் எண் பலகையில் இறந்தவர்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரே ஒரு சொல்லிலிருந்து. 'போயிட்டாங்க.'

அதை நான் தப்பாகப் புரிந்துகொண்டேன். அதனால் உயிரோடிருந்த ஓர் அம்மாளைச் சாகடித்தேன். இரும்புப் பலகையில், அரசாங்கச் செலவில், இரண்டு வண்ணத்தில்.

(முதலில் இதை 'ஏரியின் மேல் பனி படர்ந்திருந்தது' என்று தொடங்கியிருந்தேன். நான் ஏரிக்குப் போனது மண்டையைப் பிளக்கும் வெயிலில். பனியை அடித்துவிட்டேன். இல்லாததைச் சேர்க்கும் பழக்கம் எனக்கு எப்போது வந்தது என்று யோசித்தால்… வேண்டாம், அது வேறு கதை.)

2

நகரத்திலிருந்து மூன்று மணி நேரப் பயணத்தில் ஓர் ஏரி. யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. கிராமங்களுக்குச் சுற்றுலாப் பயணிகளை வரவழைக்க அரசாங்கம் ஒரு திட்டம் போட்டது. படகுத்துறை, பார்வைக் கோபுரம், நடைபாதை, வண்டி நிறுத்துமிடம், கழிப்பறை எல்லாம் வந்தன. பார்க்க வருகிறவர்களுக்குப் பார்க்க ஏதாவது இருக்க வேண்டுமே? பதினான்கு இடங்களைத் தேர்ந்தெடுத்துப் பதினான்கு பலகைகள் வைக்க முடிவு செய்தார்கள். எழுத என்னைக் கூப்பிட்டார்கள்.

திட்டப் பொறியாளர் நல்ல மனிதர். "சார், பலகையைப் படிச்சதும் கண்ணு கலங்கணும். கலங்கினாத்தான் நின்னு போட்டோ எடுப்பாங்க," என்றார்.

ஒரு பாறை, ஒரு மரம், பாதி இடிந்த சுவர் என்று ஆறு இடங்களை ஒப்பேற்றினேன். ஏழாவது, மதகுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு. பூட்டியிருந்தது. ஜன்னல் வழியே ஒரு கட்டில் தெரிந்தது. ஏரிக் காவலாளியிடம் கேட்டேன்.

"அளவுக்காரம்மா வீடு சார். முப்பது வருஷம் காலையும் சாயங்காலமும் ஏரித் தண்ணியை அளந்து ஆபீசுக்குச் சொன்னவங்க."

"இப்ப?"

"போயிட்டாங்க சார்." குரலைத் தாழ்த்திச் சொன்னார்.*

(* தாழ்த்தினாரா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தார்.)

'எங்கே?' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நம் மொழியில் கடைக்குப் போனாலும் 'போயிட்டாங்க', உலகத்தை விட்டே போனாலும் 'போயிட்டாங்க'. நான் கேட்கவில்லை. இறந்தவர்கள் எழுத வசதியானவர்கள். அன்றிரவே எழுதிக் கொடுத்தேன்:

'இந்த ஏரியின் நீரை முப்பது ஆண்டுகள் அளந்தவர் இங்கே தனியாக வாழ்ந்தார். ஒரு மழைக்கால மாலையில் கடைசி அளவைக் குறித்துவிட்டு, நோட்டை மூடி வைத்து, இந்தக் கட்டிலிலேயே மறைந்தார். அன்று ஏரி ஒரு விரற்கடை உயர்ந்தது.'

அந்தக் கடைசி வரியைப் பற்றி எனக்குக் கொள்ளைப் பெருமை. என் மனைவியிடம் இரண்டு தடவை படித்துக் காட்டினேன். "பாவம்" என்றாள். யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை.

3

அளவுக்காரம்மா போனது மகளுடைய பிரசவத்துக்கு. குழந்தை ஏழாம் மாதமே பிறந்துவிட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றி, தேறி, வீட்டுக்குக் கொண்டுவந்து, இவர் திரும்பி வர ஐந்து மாதம் ஆகிவிட்டது. இனி எழுதுவது அவர் என்னிடம் சொன்னபடி. நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. கையில் இரண்டு பை. தன் வீட்டு வாசலில் வரிசையைப் பார்த்து, யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று ஓடியிருக்கிறார். சீட்டுக் கொடுக்கும் பெண் தடுத்திருக்கிறாள். வேறு ஊர்ப் பெண், புதிதாக வேலைக்கு வந்தவள்.

"டிக்கெட் வாங்கிட்டு வாங்கம்மா."

"எதுக்கு?"

"வீடு பார்க்க."

"என் வீட்டைப் பார்க்கவா?"

"எல்லாரும் நம்ம வீடு மாதிரிதான் நினைக்கறாங்கம்மா. வரிசையில வாங்க."

என்ன செய்வதென்று தெரியாமல் சீட்டு வாங்கிக்கொண்டு, வரிசையில் நின்று, தன் வீட்டுக்குள் போயிருக்கிறார். கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் அவருடைய கட்டில். அவருடைய சீப்பு, பல்லில் சிக்கிய முடியோடு, கண்ணாடிக்குள். நீர்மட்டம் எழுதும் நோட்டு ஏதோ ஒரு பக்கத்தில் திறந்து கிடந்தது. அளவுக்குப் பக்கத்தில் அவர் என்றோ 'தலைவலி' என்று எழுதியிருந்தார். கீழே ஒரு விவரச் சீட்டு: 'கடைசிக் குறிப்பு'. சுவரில் ஆளுயரத்துக்கு அவருடைய படம். தோளில் ஒரு கை மட்டும் இருந்தது. கைக்குரிய மகளை வெட்டி எடுத்துவிட்டார்கள்.

பக்கத்தில் ஒரு பெண் பலகையை உரக்கப் படித்து மூக்கை உறிஞ்சியிருக்கிறாள். அளவுக்காரம்மா கேட்டிருக்கிறார், "யாரும்மா செத்துப்போனது?"

"இவங்கதான்," என்று படத்தைக் காட்டியவள், திரும்பி இவர் முகத்தைப் பார்த்திருக்கிறாள். பார்த்ததும் போட்ட அலறலில் வரிசை கலைந்துவிட்டது.

4

பொறியாளர் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். "சார், ஏழாம் நம்பர் வந்திருக்காங்க."

"யாரு?"

"நீங்க எழுதினவங்க."

உடனே கிளம்பினேன். போனபோது பிற்பகல் ஆகிவிட்டது. கயிற்றைத் தாண்டி, தன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார் அவர். ஐம்பத்தொன்பது, அறுபது வயது. பைகள் இன்னும் மடியில். கூட்டம் நெருக்கியடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. "நடிப்பு மாதிரியே இல்ல பாரேன்," என்றார் ஒருவர்.

"நீங்கதானா?" என்றார் என்னிடம்.

நான் தலையாட்டினேன்.

"உட்காருங்க. சாகடிச்சவரு நின்னுட்டே இருந்தா எப்படி?"

உட்கார இடம் அந்தக் கட்டில் மட்டும்தான். உட்கார்ந்தேன்.

"பேத்தி பொழைக்குமான்னு அஞ்சு மாசம் உசிரைக் கையில பிடிச்சிட்டு இருந்தேன் தம்பி. இங்க என்னைய முடிச்சிட்டீங்க," என்றார். "எதுல செத்தேன்? அதையாவது சொல்லுங்க."

எழுதும்போது அதை நான் யோசிக்கவே இல்லை.

5

(இந்த இடத்தில் முதல் பிரதியில் நான் எழுந்து போய் அந்தப் பலகையைப் பிடுங்கி ஏரியில் எறிகிறேன். கூட்டம் கைதட்டுகிறது. நானே படித்துவிட்டு வெட்கப்பட்டு, கிழித்துப் போட்டேன்.)

நான் செய்தது பொறியாளரிடம் சத்தம் போட்டது. "காலி வீடுன்னு எப்படி முடிவு பண்ணினீங்க? ஆள் இருக்காங்களா இல்லையான்னு விசாரிக்க மாட்டீங்களா?"

அவர் கோப்பைத் திறந்து காட்டினார். வீட்டைத் திட்டத்தில் சேர்த்த பக்கம். 'உரிமையாளர் மறைவு. வாரிசு அறியப்படவில்லை. ஆதாரம்: பலகை எண் ஏழு.'

"நீங்க விசாரிச்சுத்தான் எழுதுவீங்கன்னு நாங்க நினைச்சோம் சார்."

அவர்களுக்குத் தெரியும் என்று நான் நினைத்திருந்தேன். நான் விசாரித்திருப்பேன் என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். நடுவில் ஒரு மனுஷி செத்துப்போனார்.

பொறியாளர் வழி ஒன்று சொன்னார். பலகையைப் பெரிய மனிதர்கள் வந்து திறந்தாகிவிட்டது, மாற்றினால் சிக்கல். அம்மா பின்கட்டில் இருந்துகொள்ளட்டும். யாராவது கேட்டால் இறந்தவரின் தங்கை என்று சொல்லட்டும்.

"எனக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் இல்லையே," என்றார் அளவுக்காரம்மா. கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை.

பதினொரு நாள் அங்கேயே இருந்தார். வருகிற ஒவ்வொருவரிடமும், "அது நான்தாங்க. சாகலை. கொஞ்சம் நகருங்க, பாத்திரம் கழுவணும்," என்றார். எனக்கு இன்னும் ஜீரணிக்க முடியாத விஷயம் அடுத்து நடந்தது. பார்வையாளர் கருத்துப் புத்தகத்தில் புகார்கள் வரத் தொடங்கின. 'வீட்டிலிருக்கும் பெண்மணி சூழலைக் கெடுக்கிறார்.' 'அமைதியாக அஞ்சலி செலுத்த முடியவில்லை.' ஒருவர் கையெழுத்தும் தேதியும் போட்டு எழுதியிருந்தார்: 'அவரை அப்புறப்படுத்தவும்.'

நான் செய்ய வேண்டியது ஒன்றுதான். 'இந்தப் பலகையில் உள்ளது என் கற்பனை. அவர் உயிரோடு இருக்கிறார்' என்று திட்ட மேலதிகாரிக்கு ஒரு கடிதம். இரண்டே வரி. அதை எழுத எனக்கு ஒன்பது நாள் ஆனது. அடுத்த ஏரிக்கும் பலகை எழுதும் வேலை எனக்கு வருவதாக இருந்தது. இதை அடைப்புக்குறிக்குள் போடலாமா என்று பார்த்தேன். போடவில்லை.

6

கடிதம் போன இரண்டாம் நாள் மேலதிகாரி வந்தார். கட்டிலில் இருந்த அம்மாளைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், பொறியாளரைப் பார்த்தார். வேறொன்றும் பேசாமல் தன் கையாலேயே கயிற்றை அவிழ்த்தார். சாயங்காலத்துக்குள் கண்ணாடிப் பெட்டிகள் போயின. பலகையைக் கழற்றினார்கள். சுற்றுலா வரைபடத்தில் ஏழுக்குப் பதில் இப்போது ஒன்றும் இல்லை. ஆறுக்கு அப்புறம் எட்டு.

கூட்டம் பாதியாகக் குறைந்தது. படகுக்காரர் என்னை வழிமறித்தார். "உங்க பொய்யில எங்க பொழப்பு ஓடிச்சு சார். உண்மையைச் சொன்னதும் படுத்திடுச்சு. முதல்லயே ஏதாவது ஒண்ணைச் சொல்லியிருக்கக் கூடாதா?"

அடுத்த ஏரியின் வேலை எனக்கு வரவில்லை.

7

இப்போது முடிவு. மூன்று எழுதிப் பார்த்தேன். எடுத்துக்கொண்டு போய் அளவுக்காரம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவர் பேத்தியின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

முதலாவதில் அவர் என்னை மன்னிக்கிறார்.

"எப்ப?" என்றார்.

இரண்டாவதில் வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய்விடுகிறார்.

"அங்க இடம் ஏது? குழந்தை தொட்டிலுக்கே இடம் இல்ல."

மூன்றாவதில் ஒரு மழைக்கால மாலையில் அவர் ஏரிக்கரையில்…

"நிறுத்துங்க தம்பி," என்றார். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "அந்தப் பக்கமே போகாதீங்க."

அதற்குள் மகள் தொலைபேசித் திரையில் வந்தாள். குழந்தைக்கு முதல் பல் தெரிகிறதாம். "மேலயா கீழயா? விளக்கைப் போட்டுக் காட்டுடி!" என்று கத்திக்கொண்டே உள்ளே போனவர், போகிற போக்கில் கதவைச் சாத்திக்கொண்டார். என்னை மறந்துவிட்டாரா, வெளியே நிறுத்தினாரா, தெரியவில்லை. உள்ளே என்ன பேசினார்கள் என்றும் தெரியாது. எழுத மாட்டேன்.

அந்த ஏரிக்கு நீங்கள் போனால், மதகுக்குப் பக்கத்தில் ஒரு வீடு இருக்கும். பலகை இருக்காது. கதவைத் தட்டிவிட்டு ஓரடி தள்ளி நில்லுங்கள். அவர் திறந்தால், என்ன நடந்தது என்று கேளுங்கள். திறக்கவில்லை என்றால், தயவுசெய்து, எங்கே போயிருக்கிறார் என்று யாரிடமாவது விசாரியுங்கள்.