இடுப்பில் விழாத பிடி

அபூதாஹிர் மூதூரில் பெண்ணெடுத்து, ஊர் வழக்கப்படி பெண் வீட்டிலேயே குடியேறியவன். காலையில் லோஞ்சுப் படகு ஏறித் திருகோணமலைத் துறைமுகத்துக்கு மூடை சுமக்கப் போவான். சடுகுடு ஆடுவதும் துறைமுக அணிக்குத்தான். அந்த அணிக்கோ மூதூர்க்காரரைக் கண்டாலே ஆகாது. எதிரியின் வீட்டில் சோறு தின்கிற மனுசனுக்கு நிம்மதியாக நித்திரை வருமா?

கோதுமை மா மூடையோடு சறுக்கி விழுந்ததில் அவன் இடுப்பு பிசகியது. ஒரு வருசமாகக் கோட்டுக்கு வெளியே குந்தியிருந்து பார்த்தான். கடைசியில் அணித்தலைவர் சின்னராசா வெட்டொன்று துண்டிரண்டாகச் சொல்லிவிட்டார்.

"மூதூரோட ஆட்டத்தில ஒருக்காப் பாடிப்போய்த் தொட்டுக் காட்டு. சரிவந்தா இடம் உனக்கு. இல்லாட்டி வேற ஆள்தான்."

அன்றிலிருந்து வீட்டில் எல்லாமே அவனுக்குச் சந்தேகம். மனைவி ஜெஸீமா எண்ணெய் பூசும்போது, "இஞ்சதானே நோகுது?" என்று விரலை வைத்தால் பதறுவான்.

"நோகிற இடத்தை நீ என்னத்துக்குக் கேக்கிறாய்?"

அவளை ராத்தா என்று கூப்பிடும் தம்பி ஹிஸ்புல்லா மூதூர் அணியின் பிடிகாரன். "நாரி எப்பிடி மச்சான்?" என்று அவன் இடுப்பை விசாரித்தால், "கல்லுப்போல இருக்கு" என்பான் இவன்; பிறகு கிணற்றடிக்கு நொண்டிக்கொண்டு போவான். ஒருநாள் அக்காவும் தம்பியும் குசினி அடுப்பருகே குசுகுசுத்துக்கொண்டு நின்றார்கள். இவன் தலையைக் கண்டதும் கப்சிப். போச்சுடா, துப்புக் கொடுத்துவிட்டாள் என்று முடிவுகட்டிக்கொண்டான்.

ஆட்டம் மூதூரில் நடந்தது. இடுப்பைத் துணியால் இறுக்கிக்கொண்டு அபூதாஹிர் 'சடுகுடு' என்று மூச்சுவிடாமல் பாடிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனான். ஹிஸ்புல்லா இடுப்புக்குப் பாய்வான் என்று காத்திருந்தான். பாயவில்லை. இவன் ஒருத்தனைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். மறுபடி போனான், மறுபடியும் தொட்டான். துறைமுகக்காரர் விசிலடித்தார்கள். இவனுக்கு மட்டும் உள்ளுக்குள் அரித்தது. கடைசிவரை விட்டுவைத்து இடுப்பை முறிக்கப் போகிறான்களோ?

புள்ளி சமமாக நின்றபோது கடைசிப் பாட்டுக்கு அவனையே அனுப்பினார்கள். ஒருத்தனைத் தொட்டுவிட்டான், கோட்டுக்குத் திரும்பினால் வெற்றி. பின்னால் ஹிஸ்புல்லா வந்துவிட்டான். இரண்டு கைகளும் இடுப்புவரை வந்தன. வந்த கைகள் அப்படியே விரிந்து விலகின.

அதற்குமேல் அவனால் பொறுக்க முடியவில்லை.

"ஏண்டா புடிக்கிறாய் இல்ல?" என்று திரும்பிக் கேட்டான்.

கேட்டதும் பாட்டு அறுந்தது. பாட்டு அறுந்தால் ஆள் அவுட். மூதூர் வென்றது.

ஹிஸ்புல்லா அவன் காதோடு சொன்னான்: "ராத்தா அழுது கெஞ்சினா மச்சான். நாரியில புடிச்சா மனுசன் இனி எழும்பமாட்டார் எண்டா. எங்கட ஆக்கள் எல்லாரும் ஓம் எண்டுட்டாங்க. உங்களுக்கு விட்டுக்குடுப்பம் எண்டுதான் இருந்தம். நீங்க ஏன் வாயத் திறந்தீங்க?"

அவளையா சந்தேகப்பட்டேன் என்று நினைத்துக்கொண்டே அபூதாஹிர் இடுப்புத் துணியை அவிழ்த்தான். அதற்குள் சின்னராசா வந்துவிட்டார்.

"பொண்டாட்டிட ஊருக்காக வேணுமெண்டே தோத்தனீ, என்ன?"

நடந்ததைச் சொல்லிவிடலாம். சொன்னால், இன்றைக்கு எடுத்த புள்ளி அத்தனையும் பெண்சாதி அழுது வாங்கித் தந்த பிச்சை என்று துறைமுகம் முழுக்கச் சிரிக்கும்.

"ஓம் அண்ணே," என்றான் அபூதாஹிர். "வேணுமெண்டுதான்."