ஜம்பு வாடிய பதினான்கு நாள்

முழங்காலில் எறும்பு ஊர்வதுபோல் தொடங்கி, ஆறாவது படியில் ஆணி அறைந்ததுபோல் முடியும் வலி. அஸ்லம் முதலாளி வீட்டு மாடிக்குப் பதினெட்டுப் படி. படிக்கு ஒரு புனிதரைக் கூப்பிட்டபடி இக்னேசியஸ் ஏறினார். மேலே கதவைத் திறந்ததும் சூடு வந்து காலைத் தடவியது. ஹற்றன் முழுக்க மழையில் ஊறிக்கிடக்க, அந்த ஓர் அறையில் மட்டும் வெயில்காலம். அவருக்காக அல்ல, ஆமைக்காக.

ஆமையின் பெயர் ஜம்பு. ஏதோ வெளிநாட்டு மழைக்காட்டுச் சாதி. கால்களில் ஜம்புப் பழச் சிவப்பில் புள்ளிகள். முதலாளியின் மகள் நதா ஆசையாக வளர்ப்பது. அவள் பரீட்சைக்காகப் பேராதனைக்குப் போனதால், கண்ணாடிப் பெட்டியின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தேவைப்பட்டது. இக்னேசியஸ் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடியில், முப்பத்தொரு வருடம் கொழுந்தின் ஈரத்தை இறக்கி வாட்டியவர். ஓய்வுக்குப் பிறகு மரக்கறித் தோட்டங்களில் மண் கொத்தி, முழங்கால் கைவிட்ட நேரத்தில் கிடைத்த வேலை இது. ஆமைக்கு ஒன்று நடந்தால் திரும்பவும் மண்வெட்டிதான் என்று முதலாளி சிரித்துக்கொண்டே சொல்லிவைத்திருந்தார்.

நதா ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தாள். விளக்கடியில் முப்பது பாகை, மற்றப் பக்கம் இருபத்தைந்து. ஈரப்பதம் எழுபத்தைந்துக்குக் குறையவே கூடாது. தினமும் ஆமையை நிறுத்து எடையை எழுத வேண்டும்.

எழுபத்தைந்தைப் பார்த்து இக்னேசியஸ் சிரித்தார். வாட்டும் மாடியில் அவ்வளவு ஈரம் ஏறினால் ஸ்டோரை நடத்தும் டீமேக்கர் ஐயா நாயைப்போல் குரைப்பார். கொழுந்து வாடாமல் புழுங்கிப்போகும். படித்த பிள்ளை, ஆனால் ஈரத்தின் குணம் தெரியாது. தவிர, ஈரக்காற்று அவருடைய முழங்காலுக்கும் ஆகாது.

பெட்டிக்குள் கிடந்த ஈரமான தேங்காய்த் தும்புத்தூளை அள்ளிக் காயப்போட்டார். மூடியைத் திறந்துவைத்தார். கொழுந்துக்கு அடியில் காற்று விடுவதுபோல் பெட்டியருகில் ஒரு சின்னக் காற்றாடியை ஓடவிட்டார். ஈரப்பதம் காட்டும் முள் நாற்பதுக்கு இறங்கியது. அறை மொறுமொறுவென்று ஆனது. முழங்கால் பல வருடங்களுக்குப் பிறகு வலியில்லாமல் மடிந்தது.

தினமும் நிறுத்துக் கொப்பியில் எழுதினார். ஆயிரத்து இருநூற்று நாற்பது கிராம், அடுத்த நாள் பத்துக் குறைவு, அதற்கடுத்த நாள் இன்னும் குறைவு. ஒவ்வோர் எண்ணுக்குப் பக்கத்திலும் சிவப்புப் பேனாவால் ‘வாட்டம் நல்லது’ என்று எழுதினார். நன்றாக வாடிய கொழுந்தைப் பிடித்து அமுக்கிவிட்டால் திரும்ப விரியாது. ஜம்புவின் கழுத்துத் தோலை நுள்ளிப் பார்த்தார். மடிப்பு அப்படியே நின்றது. திருப்திதான். கொழுந்து ஒரே இரவில் எடையில் நூற்றுக்கு நாற்பது இறங்கும். இது இவ்வளவு மெதுவாக இறங்குவது ஓட்டின் தடிப்பால் என்று நினைத்துக்கொண்டார். ஜம்பு கண்ணை மூடியே கிடந்தது. நல்ல தூக்கம்.

பதினான்காம் நாள் நதா வந்தாள். பெட்டியைப் பார்த்தாள், குழிவிழுந்த கண்களைப் பார்த்தாள், கொப்பியைப் பார்த்தாள். கடைசி எண் ஆயிரத்து அறுபது.

"இது என்ன அங்கிள்?"

"வாட்டம் மகள். ஒரு நாள்கூட பெசகல."

"ஜம்புவ யாரு வாட்டச் சொன்ன?"

இக்னேசியஸ் தன் சிவப்பு எழுத்துகளைத் திரும்பப் பார்த்தார். முப்பத்தொரு வருடமாக அவர் கையில் எதைக் கொடுத்தாலும் வாட்டத்தான் கொடுத்தார்கள். வாடாமல் பார்க்கும்படி யாரும் எதையும் கொடுத்ததில்லை.

நதா ஆமையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். கால் லேசாக அசைந்தது. "உசிரு இருக்கு. வாப்பாக்கு இப்ப சொல்ல மாட்டன். எடுத்த தண்ணிய நீங்கதான் திருப்பிக் குடுக்கணும்."

"வாடின கொழுந்துக்குத் தண்ணி திரும்பாதுங்களே மகள்."

"இது கொழுந்தில்ல அங்கிள். இதுக்கு வாய் இருக்கு."

அன்றிலிருந்து காலையும் மாலையும் இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஜம்புவை அரைமணி நேரம் இருத்தினார். தும்புத்தூளை நனைத்தார், மூடியைச் சாத்தினார், காற்றாடியைக் கீழே அனுப்பினார். முள் எழுபத்தெட்டில் நின்றது. நதா பேராதனைக்குத் திரும்பினாலும், தினமும் தராசைப் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருந்தாள். மூன்றாம் நாள் ஜம்பு தலையைத் தண்ணீருக்குள் விட்டு இழுத்துக் குடித்தது. இக்னேசியஸ் சிலுவை போட்டுக்கொண்டார்.

கண்ணாடி முழுக்க முத்துமுத்தாக வேர்த்தது. அறை ஈரத்தில் அவர் முழங்கால் பலாப்பிஞ்சாய் வீங்கியது. தைலம் தேய்த்துவிட்ட மனைவி இசபெல் கதை முழுவதையும் கேட்டுவிட்டு, தேய்க்கும் கையை நிறுத்தவில்லை. அவள் அதே ஸ்டோரில், கொழுந்து அரைக்கும் அறையில் வேலை செய்தவள்.

"என்னயக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல. நீங்க மேல காய வச்சுக்கிட்டு இருந்தீங்க, நாங்க கீழ அரைச்ச கொழுந்து காயாம இருக்கக் காத்துல தண்ணி தெளிச்சுக்கிட்டு இருந்தோம். ஒரு நாளாவது எறங்கி வந்து பாத்தீங்களா?"

பார்த்ததில்லை.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து, படிக்கு இரண்டு புனிதராகக் கூப்பிட்டு ஏறினார். தராசு ஆயிரத்து நூற்று அறுபது காட்டியது. படமெடுத்து அனுப்பினார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து, வாட்டம் எழுதும் இடத்தில் எழுதினார்: ‘ஜம்புவுக்கு நான் குடுக்க வேண்டிய பாக்கி, எண்பது கிராம்.’