துகாக்கள் கட்டிவிட்டுப் போன மாடுகள்

துகாக்கள் போய்விட்டார்கள். விமானம், பீரங்கிக் கப்பல், கூட்டங்கூட்டமாய்ச் சிப்பாய்கள் என்று வந்திறங்கிய அந்தப் போர்த்துகீசியப் படை இரண்டு மாதம் இந்தத் தீவின் அலையாத்திச் சேற்றில் முழங்கால்வரை புதைந்து கிடந்தது. ஒரு நெல்வயலைக்கூடப் பிடிக்க முடியாமல் படகேறிவிட்டது. லிஸ்பனில் இதையும் வெற்றி என்று சொல்லிக்கொள்வார்கள். சொல்லட்டும்.

செகுந்தாவுக்கு அந்தக் கடற்கரையைப் பார்க்கத்தான் சகிக்கவில்லை. மீன் டப்பாக்கள், மூடாத மலக்குழிகள், சுட்டுக் கொன்று, தின்னக்கூடச் செய்யாமல் அழுக விட்ட மாடுகள், அவற்றின் வயிற்றில் நெளியும் புழுக்கள். அதற்கு நடுவில் உயிரோடு இரண்டு மாடுகள். முளையில் கட்டியிருந்தார்கள். முன்னால் புல் வேறு.

கண்ணில் பட்ட மாட்டையெல்லாம் சுட்டவன் இரண்டுக்கு மட்டும் புல் போட்டுவிட்டா போவான்?

ஊருக்குள் ஓடி வந்தாள். அதற்குள் அவள் புருஷன் ம்பானாவும் அவன் கூட்டாளி தாக்மேவும் கயிறு திரித்துக்கொண்டிருந்தார்கள்.

"துகா பட்டியிலேர்ந்தே மாடு. எங்கப்பன்கூட இப்படி ஒண்ணு அடிச்சதில்ல," என்றான் தாக்மே.

மாடு திருடாதவனை அவர்கள் பலாந்தா இனத்தில் ஆண்பிள்ளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. திருடி வந்தவன் பேரைப் பெண்கள் பாட்டில் வைப்பார்கள். ம்பானாவின் பேரைச் செகுந்தாவே பாடியிருக்கிறாள். இத்தனை காலம் இங்கே வரி பிடுங்கியவனுக்கு இதுவா தெரியாது?

"சுத்திக் கண்ணிவெடி பொதச்சிருக்கான். கொழந்தைக்குக்கூடத் தெரியும்," என்றாள்.

"அப்ப ஒரு கொழந்தையக் கூட்டிட்டுப் போறோம். வழி காட்டும்ல," என்றான் ம்பானா.

அழுதால் ம்பானா கேட்கமாட்டான். அவளுக்குத் தெரியும். இடுப்பில் கையை வைத்தாள்.

"சொந்தக்காரன் ஓடிப்போன மாட்ட அவுத்துட்டு வர்றதுக்குப் பேரு திருட்டா? பொறுக்கறது. எம்புருஷன் பொறுக்கிட்டு வந்தான்னு வேணா பாடறேன். ஊரே கேக்கட்டும்."

ம்பானாவின் முகம் கறுத்தது. கயிற்றைக் கீழே போட்டான். தாக்மேவும் தலையைச் சொறிந்தான்.

அப்போதுதான் தளபதி வால்டெமார் வந்தார். தலைநகர் பிஸ்ஸாவ் ஆள். விடுதலைக் கொரில்லாக்களில் சப்பாத்து நனையாமல் போரை முடித்தவர் இவர் ஒருவர்தான். வெளிநாட்டு விருந்தாளிகள் கேமராவோடு வரப்போகிறார்களாம். கறி வேண்டுமாம்.

"எதிரி விட்டுட்டுப் போனது மக்கள் சொத்து, தோழர்களே. ஓட்டிட்டு வாங்க."

"வெடி இருக்கு தோழரே," என்றாள் செகுந்தா.

"வெடிக்குப் பயந்தா சுதந்திரம் வருமா, தங்கச்சி?" என்றார், மர நிழலை விட்டு நகராமல்.

ம்பானா அசையவில்லை. தாக்மே ஒருமுறை அவனைப் பார்த்துவிட்டுக் கயிற்றை எடுத்துக்கொண்டு போனான்.

சத்தம் தீவு முழுக்கக் கேட்டது.

இரண்டு மாடும் போயின. தாக்மேவும் போனான். ஆண்கள் தடம் பார்த்துப் பார்த்துப் போய், கிடைத்ததையெல்லாம் கூடையில் அள்ளி வந்தார்கள். தாக்மே என்று சொல்லும்படி கிடைத்ததைத் துணியில் சுற்றி ஒரு பக்கம் வைத்தார்கள். வால்டெமார் தொப்பியைக் கழற்றி, தியாகி, வீரன் என்று நான்கு வார்த்தை பேசினார். தொப்பியைப் போட்டுக்கொண்டார். பிறகு பெண்கள் பக்கம் திரும்பி, "கறி வீணாகக் கூடாது. உலை வைங்க," என்றார்.

இரண்டு பெண்கள் சுள்ளி பொறுக்கவே குனிந்துவிட்டார்கள். செகுந்தா கூடையைத் தூக்கிக்கொண்டு போய் அவருடைய பளபளப்பான சப்பாத்துக்கு முன்னால் இறக்கினாள். ஈ மொய்த்தது.

"இதுல எது மாடு, எது தாக்மேன்னு பிரிச்சுக் குடுங்க தோழரே. நான் சமைக்கறேன்."

அவர் கூடையைப் பார்த்தார். உடனே வேறு பக்கம் பார்த்தார்.

ம்பானா எழுந்து வந்தான். செகுந்தாவைப் பார்க்கவில்லை. துணி மூட்டையைத் தூக்கிக் கூடைக்குள்ளேயே வைத்தான். தலையில் ஏற்றிக்கொண்டு, எல்லாவற்றுக்குமாக ஒரே குழி வெட்டப் போனான்.