ஒரே கூரை

1

இந்தக் கதை சாத்தூர் டீக்கடையில் பிடிபட்டது. தொழிற்சாலை அமைப்பைப் பற்றி ஒரு பத்திரிகைக்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வேலைக்கும் தனி அறை வைக்கலாம். அல்லது சரக்கு நகர்கிற போக்கில் எல்லோரையும் ஒரே வரிசையாக உட்கார வைக்கலாம். பக்கத்து பெஞ்சிலிருந்த பட்டாசுக் கம்பெனிக்காரரிடம் பெருமையாக வாசித்துக் காட்டினேன்.

"எல்லாஞ் சரி. புருசன் பொஞ்சாதிய எங்கன உக்கார வைப்பீக?" என்றார்.

கட்டுரை அங்கேயே படுத்துவிட்டது.

2

'1963 சித்திரையில் அச்சங்குளத்து வானமே பிளந்தது போல—'

(அடித்துவிட்டேன். பட்டாசுக் கதை என்றதும் வெடிக்காகக் காத்திருக்கிறீர்கள். எனக்குத் தெரியாதா?)

3

காசிராஜன் கம்பெனி. (கற்பனைதான், தேடிப் போகாதீர்கள்.) கரிசல் காட்டில் தள்ளித் தள்ளிச் சின்ன அறைகள். ஒன்றில் மருந்து அடைப்பார்கள், ஒன்றில் திரி வைப்பார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. பிள்ளையில்லாத தம்பதி ஒரே அறையில் வேலை பார்க்கலாம். பிள்ளை உண்டானால் ஒருவரை வேறு அறைக்கு மாற்றிவிட வேண்டும். தீ வந்தாலும் பிள்ளைக்கு ஒரு ஆள் மிஞ்சணும்.

(நானும் பத்திகளை இடைவெளிவிட்டு எண் போட்டிருப்பது இதனால்தான்.)

4

தீபாவளி ஆர்டர் குவிந்தது. மில்லிலிருந்து வந்த புது மேனேஜர் ராஜசிங் அறைகளை இடித்து, அந்தச் செங்கல்லிலேயே நீளமாக ஒரு கொட்டகை போட்டார். எல்லா வேலையும் ஒரே வரிசை.

இவரை வில்லனாக்கப் பார்த்தேன், முடியவில்லை. வெயிலில் அறைக்கு அறை தட்டுச் சுமந்து பெண்களுக்குப் பாதம் கொப்புளித்ததைப் பார்த்துத்தான் செய்தார். பெண்களுக்கும் சந்தோஷம்தான். எரிச்சலாக இருக்கிறது.

5

பாலம்மாள் மருந்து அடைக்கிறவள். பக்கத்திலேயே திரி வைக்கிறவன் அவள் புருஷன் ஒச்சப்பன். கலியாணமாகி ஏழு வருஷம். பிள்ளை இல்லை.

"சார், என்னய வேற ரூமுக்கு மாத்திவிடுங்க."

"ஏம்மா, வீட்டுக்காரரோட சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்ல. மாத்திவிடுங்க."

ஒச்சப்பன் கை நின்றது. "ஏ புள்ள! நெசமாவா?"

பாலம்மாள் தலை குனிந்துகொண்டாள். கொட்டகையில் குலவைச் சத்தம். ராஜசிங்குக்கு ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்தில் வேலை பார்த்த சோலையம்மாள்தான் வழக்கத்தைச் சொன்னாள். அவரும் சிரித்தார். பிறகு சுற்றிப் பார்த்தார்.

"வேற ரூமே இல்லையேம்மா. நான்தானே இடிச்சேன்... அந்தக் கடைசியில உட்காருறீங்களா?"

"அதுவும் இதே கூரதான சார்."

6

முடிவு வேண்டுமே. புது அறை கட்டலாம். சீசன் நேரத்தில் முதலாளி காசிராஜன் கட்டினார் என்று எழுதினால் காசிராஜனே நம்பமாட்டார். ஒச்சப்பன் வேலையை விட்டுவிட்டு விவசாயத்துக்கு— எங்கே, அந்த வருஷம் மழையே இல்லை. மூன்றாவது முடிவு நீங்கள் எதிர்பார்க்கிறது. மாட்டேன். ஏழு வருஷம் ஏங்கினவள். எனக்கு மனசு வரவில்லை.

பாலம்மாள் தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போய், தூரத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். வரிசை நின்றது. மூன்று பிள்ளை பெற்ற சோலையம்மாள், கடைசியில் உட்கார்ந்திருந்த தன் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். அவளும் எழுந்து வேறொரு மரத்தைத் தேடிப் போனாள். பிறகு இன்னொருத்தி.

வரிசை நிற்கக்கூடாது என்பது ராஜசிங்கின் கொள்கை. எனவே அவரே ஒரு தட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு மரத்துக்கு மரம் வெயிலில் நடந்தார்.

7

வாசலில் காசிராஜனின் கார் வந்து நிற்கிறது. அவர் என்ன சொல்கிறார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும். உள்ளே வருகிறவர்கள் தீப்பெட்டியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட வேண்டும். உங்கள் பையில், பட்டாசுக் கதை என்றதிலிருந்தே ஒன்று இருக்கிறது. எடுத்துக் கொடுத்துவிடுங்கள். மரத்தடியிலிருந்து பாலம்மாள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.