மர்ஸூக் ஹாஜியார் குறை சொல்லாத முட்டை

கொட்டாஞ்சேனையில் மர்ஸூக் ஹாஜியாரின் பலசரக்குக் கடையில் குறை சொல்கிறவனுக்குத்தான் நாற்காலி. ஏலக்காயை அள்ளி, மோந்து, முகத்தைச் சுளித்து, "இது போன வருஷத்துச் சரக்கெல்லோ" என்று திரும்பப் போடுகிறவனைக் கண்டால் ஹாஜியாரின் முகம் மலர்ந்துவிடும். வாங்க வந்தவன் அவன்தான். "ஆஹா, என்ன வாசம்!" என்கிறவனுக்கு ஒரு கிளாஸ் நன்னாரி சர்பத் வரும். குடித்துவிட்டுப் போக வேண்டியதுதான். புகழ்ந்தவன் பை விரித்ததை அந்தக் கடை கண்டதில்லை.

வெள்ளவத்தையிலிருந்து வருடா வருடம் கலண்டர் படம் கீறிக்கொண்டு வரும் சுபோதினிக்கும் இது தெரியும். முதல் வருடம் தெரியாது. அவளுடைய கறுவாப்பட்டையைப் பார்த்து, "இது என்ன தங்கச்சி, விறகா?" என்று அவர் கேட்டபோது பஸ்ஸில் அழுதுகொண்டே வீடு போனாள். அடுத்த நாள் அவரே கூப்பிட்டு, கேட்ட விலைக்குக் கொஞ்சம் குறைத்து வாங்கிக்கொண்டார். பிறகு அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. ஹாஜியார் திட்டத் திட்ட வியாபாரம் நெருங்கி வருகிறது.

கலண்டரில் மனிதர் படம் கூடாது. தொழுகிற வீட்டுச் சுவரில் உருவம் தொங்கக்கூடாது என்பதில் அவர் கண்டிப்பு. சாமான் மட்டும்தான். இந்த வருடம் பெருநாள் காலையில் வட்டிலப்பம் செய்யும் மேசை: இலையில் சுற்றிய கித்துள் கருப்பட்டி, தேங்காய்ப்பால், முந்திரிப்பருப்பு, ஏலக்காய், இரண்டு சாதிக்காய், நடுவே ஒரு பீங்கான் கோப்பை நிறைய முட்டை.

பென்சிலில் முதல் வரைவைக் கொண்டுபோனாள். ஹாஜியார் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"இந்த முட்டைக்கு என்ன, காய்ச்சலா? ஒரு பக்கம் வீங்கி ஈக்கி."

வேறு வருடமென்றால் சிரித்திருப்பாள். இந்த முறை குனிந்து பார்த்தாள். வீங்கித்தான் இருந்தது.

மகன் ஜவாத் கல்லாவிலிருந்து தலையை நீட்டினான். "வாப்பா, போன்ல சொன்னா ஒரு நிமிஷத்துல படம் வந்துரும். சும்மா."

"சும்மா வாறதுக்கு யார்ட்ட போய்க் குறை சொல்ற?" என்றார் ஹாஜியார். "தங்கச்சி, நீங்க மையில கீறிட்டு வாங்கொ. சாதிக்காய்ட வரி ஒழுங்கா விழணும். உங்கட சாதிக்காயப் பாத்துட்டுத்தான் ஆக்கள் சாதிக்காய் கேட்டு வாற."

மைதான் சுபோதினியின் சொத்து. தொட்டெழுதும் பேனையால் மயிரிழை போலக் கோடு இழுப்பாள். அந்தக் கோட்டில்தான் சோறும், வாடகையும், நாலுபேர் நடுவே நிமிர்ந்து நிற்கிற தைரியமும் இருந்தன. ஆனால் சில மாதங்களாகக் கை சொல்வழி கேட்பதில்லை. கோப்பையில் கரண்டி கலகலத்தபோது கரையோர ரயிலால் வீடு அதிர்கிறதென்று நினைத்தாள். ரயில் போய் வெகுநேரமாகியும் கரண்டி நிற்கவில்லை. தேத்தண்ணியைக் குறைத்தாள். மின்விசிறியை நிறுத்திப் பார்த்தாள். குற்றம் சாட்ட வீட்டில் வேறு சாமான் மிஞ்சவில்லை.

சாதிக்காய் எப்படியோ ஒப்பேறியது. முட்டைதான் மானத்தை வாங்கியது. சாதிக்காயில் கோடு தவறினால் இன்னொரு வரி என்று சாதிக்கலாம். முட்டைக்கு ஒரே கோடு. போன கோடு திரும்பி வந்து தொடங்கிய இடத்தைத் தொட வேண்டும். அவளுடைய கோடு ரம்பப் பல் போல வந்து, தொட வேண்டிய இடத்தைத் தாண்டிப் போயிற்று. தாளுக்கு மேல் தாள் போட்டுக் கீறினாள். எல்லாம் கட்டிலுக்குக் கீழே போயின.

களுபோவில ஆஸ்பத்திரியில் இளம் சிங்கள டாக்டர் ஒரு தாளை நீட்டி, சுருள் ஒன்று கீறச் சொன்னார். சுபோதினி தன்னை அறியாமலே தொழிலைக் காட்டினாள். மணிக்கட்டை மேசையில் ஊன்றி, சின்னவிரலை முட்டுக்கொடுத்து, மூச்சைப் பிடித்து, நடுக்கத்துக்கும் நடுக்கத்துக்கும் இடையில் கிடைத்த சந்தில் கோட்டைச் செலுத்தினாள். வருத்தம் பார்க்கப் போன இடத்தில் வருத்தத்தை ஒளித்த முதல் நோயாளி அவளாகத்தான் இருக்கும். டாக்டர் சுருளைப் பார்த்தார், அவள் விரலைப் பார்த்தார்.

"அத்த உஸ்ஸன்ன," என்றார். கையைத் தூக்குங்கள்.

தூக்கிக் கீறினாள். சுருள் இல்லை அது, சிக்கெடுக்காத நூல்.

"ஹரி, லஸ்ஸனாய்," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அவர் மருந்து எழுதத் தொடங்கினார். அழகாக இருக்கிறதாம். அந்தச் சொல்லிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. குளிசை நடுக்கத்தைக் கொஞ்சம் குறைக்கும், நிறுத்தாது என்பதை அவர் பிறகுதான் சொன்னார்.

அடுத்து கரிக்கு மாறினாள். கரியில் விரலால் தேய்க்கலாம்; தேய்த்த இடத்தில் எது நடுக்கம், எது நிழல் என்று யாருக்குத் தெரியும்?

"மையைவிட இந்த முறை கொஞ்சம் மங்கலா இருந்தா வடிவா இருக்குமெண்டு நினைச்சனான், ஹாஜியார்."

"பெருநாளண்டு மேசையெல்லாம் கரியா? இது என்ன மையத்து கிடக்கிற வீடா? வட்டிலப்பம் திண்ண வாற ஆள் ஸலாம் சொல்லிட்டு அழுதுட்டுப் போவான்."

அவளுக்கு உயிர் வந்தது. திட்டுகிறார், அப்படியென்றால் வாங்குவார். ஓடிவந்து நீர்வர்ணத்தில் இறங்கினாள். ஈரத் தாளில் வர்ணம் தானே பரவும், கை பாதி வேலைதான் செய்ய வேண்டும். முட்டையைக் கீறவே இல்லை. சுற்றிலும் வர்ணம் பூசி, நடுவில் வெள்ளைத் தாளை அப்படியே விட்டுவிட்டாள்.

ஹாஜியார் வெள்ளையை விரலால் தட்டினார். "முட்டை எங்க? வெள்ளத் தாள் என்ட கடையிலயும் ஈக்கி. கீறாத முட்டைக்கும் சேத்தா சல்லி கேக்குறீங்க?"

"அது கீறுறதில ஒரு முறை, ஹாஜியார்."

"நல்ல முறைதான். நானும் நாளையிலருந்து அரைக் கிலோவை விட்டுட்டு ஒரு கிலோவுக்கு பில் போடுறன்." பிறகு அவருடைய விரல் நகர்ந்து சாதிக்காயில் நின்றது. "வரி எங்க தங்கச்சி?"

ஈரத்தில் வரி விழாது. வரி வேண்டுமென்றால் பேனை வேண்டும், பேனைக்குக் கை வேண்டும்.

வீட்டுக்கு வந்து கட்டிலுக்குக் கீழே கிடந்ததையெல்லாம் வெளியே இழுத்தாள். எரிக்கத்தான் எடுத்தாள். கிழிக்கக் கிழிக்க, மைத்தாளொன்றின் துண்டு தரையில் விழுந்து கிடந்த விதம் கண்ணைப் பிடித்தது. நடுங்கி நடுங்கிப் போன கோடுகள், துண்டாகப் பார்த்தபோது சாதிக்காயின் வரியாகவே இருந்தன. சுபோதினி தரையில் உட்கார்ந்துவிட்டாள். கரித்தாளைக் கிழித்துக் கருப்பட்டி செய்தாள். வர்ணத்தாளில் முந்திரிப்பருப்பு. பென்சில் தாள் தேங்காய்ப்பாலின் நிழலாயிற்று. முட்டைகளை வெள்ளைத் தாளில் கையாலேயே கிழித்தாள். விளிம்பு பிசிறடித்தது, ஆனால் முட்டைக் கோதைத் தட்டினால் உடையும்போல் இருந்தது. ஒட்டி முடித்துத் தள்ளி நின்று பார்த்தாள். இத்தனை வருடத்தில் செய்ததில் இதுதான் திறம் என்று பட்டது. அப்படித்தானா, அல்லது ஆசை அப்படிச் சொல்கிறதா? கேட்க ஒரே ஓர் ஆள்தான் உண்டு.

ஹாஜியார் படத்தைக் கடை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நீட்டிப் பிடித்தார். நெற்றியைச் சுருக்கினார். வாய் திறக்கப்போகிறார்.

"முதல்ல கையெழுத்தப் போடுங்கொ," என்றார்.

வழக்கம் அது. மூலையில் அவர் முன்னாலேயே கையொப்பமிட வேண்டும், பிறகுதான் பேரம். அவள் மறந்தே போனாள். பேனையை வாங்கி, உட்கார்ந்து, கல்லா மேசையில் மணிக்கட்டை ஊன்றினாள். மேசை உயரம், முட்டுக்கொடுக்கச் சின்னவிரலுக்கு இடம் கிடைக்கவில்லை. பேனை தாளில் தட்டித் தட்டி ஓசை எழுப்பியது. 'சு' எழுதி முடிய வெகுநேரம் பிடித்தது. மிச்ச எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. கடையில் ஏலக்காய் அளந்துகொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள்.

ஹாஜியார் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். படத்தை அல்ல, கையைப் பார்த்தார்.

"மாஷா அல்லாஹ்," என்றார். "நல்லா ஈக்கி. ஒரு குறையும் இல்ல."

"முட்டையை வடிவாப் பாருங்கோ ஹாஜியார். ஓரமெல்லாம் பிசிறு."

"முட்டையெண்டா அப்பிடித்தான்."

"கருப்பட்டி சரிஞ்சு நிக்குது. சாதிக்காய் ஒண்டு பெரிசு, ஒண்டு சின்னன்." தன் சரக்கைத் தானே ஏசுகிற வியாபாரியை அந்தத் தெரு அன்றுதான் கண்டது. "உண்மையைச் சொல்லுங்கோ. இது சரியில்லைத்தானே?"

"இல்ல தங்கச்சி, நல்ல சாமான். ஜவாத், கேட்டதக் குடு. குறைக்க வேணாம்."

ஜவாத் தகப்பனைப் பார்த்தான். "குறைக்காமலா, வாப்பா?"

"சொல்றத செய் மகன்." பிறகு அவளிடம், தரையைப் பார்த்துக்கொண்டு, "அடுத்த வருஷத்துக்கு அலைய வேணாம். ஜவாத் ஏதோ போன்ல செய்வானாம். நீங்க உடம்பப் பாத்துக்கொங்கொ," என்றார்.

படம் உண்மையிலேயே நன்றாக இருந்திருக்கலாம். இனி அதைச் சொல்ல யாருமில்லை. யார் என்ன சொன்னாலும் கையைப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார்கள்.

ஜவாத் காசு உறையையும், கூடவே ஒரு கிளாஸ் நன்னாரி சர்பத்தையும் கொண்டுவந்து வைத்தான். விளிம்பு வரை ஊற்றியிருந்தான்.

"குடிங்கொ," என்றார் ஹாஜியார்.

சுபோதினி கிளாஸைப் பார்த்தாள். இரண்டு கைகளையும் மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "பிறகு குடிக்கிறன் ஹாஜியார்," என்றாள்.