நான்காவது முறை தந்த ராஜினாமா

மாலை வகுப்பில் ஆளுக்கொரு பத்து நிமிட ஆவணப்படம் எடுக்கச் சொன்னார்கள். நான் மஞ்சக்குட்டை ஜீப் ஓட்டுநர் சங்கத்தை எடுத்துக்கொண்டேன். அதற்குப் பத்தொன்பது வருடமாக தேவசிகாமணிதான் தலைவர். ஜீப் ஸ்டாண்டுக்கென்று வந்த கூரைத் தகடுகள் அவர் மாட்டுக் கொட்டகையில் இருக்கின்றன. மேலே எழுதிய சங்கத்தின் பெயரைக்கூட அழிக்கவில்லை. அதை முதல் நாளே படம் பிடித்தேன். வெளிச்சம் விழட்டும் என்று அவரே மாட்டை நகர்த்திக் கட்டினார். தன்னைப் புகழும் படம் என்று நினைத்திருந்தார். நான் மறுக்கவில்லை. அது பொய்யில் சேருமா என்று டைரியில் அன்றைய பக்கத்தில் எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருக்கிறேன்.

ஆண்டுக் கூட்டத்தில் யாராவது தேர்தல் என்று வாயெடுக்கும் முன்பே அவர் ராஜினாமாக் கடிதத்தை நீட்டுவார். எல்லோரும் "வேண்டாமுங்க" என்று கத்த வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு அதைக் கிழிப்பார். அதுதான் தேர்தல்.

இந்த ஞாயிறும் நீட்டினார். இருபத்து மூன்று பேரும் கத்தினார்கள். என் விரல் லென்ஸை மறைத்திருந்தது. இன்னொரு முறை செய்துகாட்டச் சொன்னேன். செயலாளர் வெள்ளையன் புதுக் கடிதம் எழுதித் தந்தார். அந்த முறை பஸ் ஹாரன் பேச்சை விழுங்கியது. மூன்றாம் முறை எல்லாம் சரியாக வந்தது, ஆனால் கடிதத்தில் கையெழுத்து இல்லை.

"கையெழுத்துப் போடுறதையும் எடுத்தா நல்லாருக்குங்க" என்றேன்.

"நொம்ப நல்ல யோசனை கண்ணு." அடுத்த கடிதத்தில் தேதியும் போட்டு கையெழுத்திட்டார். பத்தொன்பது வருடத்தில் ராஜினாமாக் கடிதத்தில் அவர் போட்ட முதல் கையெழுத்து அதுதான் என்று எனக்கு அப்போது தெரியாது.

சேர்வராயன் கோயிலுக்குப் போகும் ஆட்கள் வெளியே காத்திருந்தார்கள். ஓட்டுநர்கள் கையில் சாவியோடு நின்றார்கள்.

"நான் போறனுங்க. இளசுங்க வரட்டும்" என்று தலைவர் நான்காம் முறை நீட்டினார்.

பின்வரிசையிலிருந்த ஓட்டுநர் சித்தன், "சரீங்க தலைவரே, போய்ட்டு வாங்க. எங்களுக்கும் டிரிப்பு இருக்குதுங்க" என்றார்.

வேறு யாரும் வாய் திறக்கவில்லை. வெள்ளையன் கடிதத்தை வாங்கித் தீர்மான நோட்டில் ஒட்டினார். பசை அவர் சட்டைப் பையிலேயே இருந்தது.

மறுநாள் தேவசிகாமணி வகுப்புக்கே வந்துவிட்டார். "அந்த நாலாவதை அழிச்சுப்போடு கண்ணு."

"படமே அதுலதானுங்க முடியுது."

"முடிவை இன்னொருக்கா எடுத்துக்கலாம். ஆளுங்களை நான் கூட்டியாறேன்."

நேற்று, அவர் சொன்ன நேரத்துக்கு, கேமராவோடு ஸ்டாண்டில் நின்றேன். கடிகாரத்தைப் பார்த்தபடி அரை மணி நேரம் காத்திருந்தேன். வந்தவர் அவர் ஒருவர்தான். கையில் புதுக் கடிதம், கையெழுத்து இல்லை.

"எங்க நிக்கோணும்?"

காட்டினேன். காலி இடத்தைப் பார்த்துக் கடிதத்தை நீட்டினார். சற்றுப் பொறுத்தார். பிறகு தானே தாழ்ந்த குரலில் "வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டு, கவனமாகக் கிழித்தார்.

அதையும் சேர்த்துவிட்டேன். படம் பதினொரு நிமிடம் ஆகிவிட்டது. மதிப்பெண் குறையுமோ என்னவோ.